வெள்ளி கழித்த எடை

கமீலா மிஸிக்கு வாய் கொஞ்சம் காரம். கல்முனைக் கடற்கரைத் தெருக்களில் பிள்ளை பெற்ற எவளும் அவளிடம் ஏச்சு வாங்காமல் தப்பியதில்லை. ஆனால் வலி எடுத்த வீட்டுக்கு ஊரடங்கையும் பாராமல் வெள்ளைச் சேலையோடு வந்து நிற்கிற மருத்துவிச்சியும் அவள்தான். அதனால் ஏச்சு வாங்கிக்கொண்டே மாதாமாதம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார்கள்.

அங்கே பெரிய கரைச்சல் நிறுவைதான். பிள்ளையை வெறும் உடம்போடு தராசில் தொங்கவிட வேண்டும் என்பது சட்டம். தாய்மார் கேட்டால்தானே! இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் தண்டை, கழுத்தில் இசிம் எழுதி அடைத்த தாயத்துக் கூடு. கழற்றினால் கண்ணூறு பட்டுவிடுமாம். "பிள்ளைய நிறுக்க வந்தீங்களா, தட்டார்ர கடைய நிறுக்க வந்தீங்களா?" என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்துப் பிள்ளைகளின் சாமான்களை ஒருமுறை கெஞ்சிக் கழற்றி வாங்கி, தனியே நிறுத்து, கூட்டிப் பத்தால் பிரித்தாள். ஒரு பிள்ளைக்கு இருநூறு கிராம் வந்தது. அன்றிலிருந்து வெள்ளி போட்ட பிள்ளை வந்தால், தராசு காட்டுவதில் இருநூறைக் கழித்துவிட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி போடுவாள். கூடக்குறையப் பிழைத்தாலும் ஐம்பது கிராமுக்குள்தான் பிழைக்கும் என்று அதையும் பார்த்து வைத்திருந்தாள். "தராசு பொய் சொன்னாலும் எவ்வளவு பொய் எண்டு தெரிஞ்சாப் போதும்" என்பாள். அதில் அவளுக்குப் பெருமைதான், சும்மா சொல்லக்கூடாது.

தொண்ணூற்றிரண்டில் ஸகியா வந்தாள். முந்தின வருஷம் வயலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பொத்துவில் பக்கத்திலிருந்து அகதியாக வந்து, அதே தெருவிலிருந்த சல்மா உம்மாவின் வளவில் ஒரு கொட்டிலில் இருந்தாள். மடியில் மூன்று மாதப் பெண்பிள்ளை. அதன் உடம்பில் ஒரு கயிறுகூட இல்லை. தராசு ஐந்தரைக் கிலோ காட்டியது, கழிக்க ஒன்றுமில்லை. கமீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க எல்லாரும்! இப்பிடித்தான் நிறுக்கக் கொண்டுவரணும். ஸகியாட பிள்ளையில ஒரு சாமானும் இல்ல!"

பாராட்டித்தான் சொன்னாள். ஸகியா தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளையை முந்தானைக்குள் மூடி எடுத்துக்கொண்டு போனாள். கமீலா அதைக் கவனிக்கவில்லை. அடுத்த பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்கு அரைஞாணும் தண்டையும் இருந்தன. அதற்கடுத்த மாதம் காப்பும் இசிம் கூடும் சேர்ந்துகொண்டன. பாவம், எங்கேயோ உதவி கிடைத்திருக்கிறது என்று கமீலா நினைத்தாள். தராசு ஆறு கிலோ காட்ட, வழக்கம்போல இருநூறைக் கழித்தாள். ஐந்து கிலோ எண்ணூறு. மெதுவாகத்தான், ஆனாலும் கோடு ஏறியிருந்தது. பிள்ளை கொஞ்சம் வாடித்தான் தெரிந்தது. அட்டையே நல்லது என்று சொன்ன பிறகு கண்ணை யார் கேட்டார்கள்! கோடு இறங்குகிற பிள்ளைக்குத்தான் சத்துமா பைக்கட். இறங்குகிற பிள்ளையைத்தான் டொக்டரிடம் அனுப்புவது. "பறவாயில்லகா, ஏறியிரிக்கி" என்று அனுப்பிவிட்டாள். ஸகியா அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள்.

அன்றைக்கே பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டது. "இதில தாங்குறத்துக்கு உடம்பு எங்க இரிக்கி? தாய் பால் குடுக்கல்லயா?" என்று அங்கே யாரோ கேட்டது, மையத்து வந்து சேர முன்னமே தெருவுக்கு வந்துவிட்டது. ஊர் வாய் சும்மா கிடக்குமா? பட்டினி போட்டே கொன்றுவிட்டாள் என்று கதை.

கமீலா போனபோது பெண்கள் சுவரோரம் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். ஸகியா ஒரு லேஞ்சி முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையிடமிருந்து கழற்றிக் கொடுத்த வெள்ளி.

"மிஸி, இதெல்லாம் அமானிதம். அடக்க முந்தி உரியவங்கள்ட்டக் குடுத்திரணும். நீங்களே குடுத்திருங்க. தண்ட சல்மா உம்மாட. அரைஞாண் பக்கத்து வீட்டு றுஸ்தாட. மத்தது முன்வீட்டாக்கள்ட. கிளினிக்குக்குப் போற நாளைக்கு மட்டும் இரவல் வாங்கிப் போடுவன். எல்லாருக்கும் முன்னால என்ட பிள்ள திரும்பவும் ஒண்டுமில்லாம நிக்கக்கூடாது எண்டு."

கமீலாவின் கையில் வெள்ளி கனத்தது. எத்தனை வருஷம் நிறுத்த கை! அரைக்கிலோ இருக்கும். இரவல் கொடுத்தவர்கள் மனசாரத் தங்களிடம் இருந்ததிலேயே பாரமானதைக் கொடுத்திருந்தார்கள். அவள் கழித்தது இருநூறு. மீதி முன்னூறு. அட்டையில் பிள்ளை ஏறியதும் அதே முன்னூறு. இரண்டு மாதமாய் அந்தப் பிள்ளை ஒரு கிராம்கூட ஏறவில்லை. யா அல்லாஹ்! ஐம்பதுக்கு மேல் பிழைக்காது என்றல்லவா நம்பியிருந்தாள். அந்தப் பத்துப் பிள்ளைகளில் இரவல் வெள்ளி போட்ட பிள்ளை ஒன்றும் இருக்கவில்லையே.

"மிஸி," என்றாள் ஸகியா. "கடைசியா நிறுக்கக்குள்ள பிள்ள நல்லாத்தானே இரிந்த? ஏறியிரிக்கி எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

குசுகுசுப்பு நின்றது. எல்லாரும் கமீலாவைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும், போனால் போகட்டும். ஆனால் ஆசையாய்ப் போட்ட வெள்ளிதான் பிள்ளையின் மெலிவை மறைத்தது என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? அவ்வளவு காரமான வாய்க்கும் அது முடியவில்லை.

"ஓம் மகள்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "நல்லா ஏறித்தான் இரிந்த."

ஸகியா சுவரோரப் பெண்களின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? நான் என்ட பிள்ளையப் பட்டினி போடல்ல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.