விதைத் தாடி

எங்கள் மாப்பிள்ளை சீப்பை மேலிருந்து கீழாக இழுக்கமாட்டார். கீழிருந்து மேலாகத் தள்ளுவார். மாடிப்படி திரும்புகிற இடத்தில், ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இடது கையில் வேதியியல் சங்கத்தின் மாத இதழ், வலது கையில் சீப்பு. ஒரு பத்தி படித்தால் தாடிக்கு ஒரு சீவல். நல்ல சேதி என்றால் இரண்டு. படியேறுகிறவர், இறங்குகிறவர் யாரும் சேதி கேட்காமல் அந்தத் திருப்பத்தைத் தாண்ட முடியாது. பை கனக்கிறது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பிப்பார்.

"பெரியம்மா, நம்மாளுங்க ரெண்டு பேரு, ஒருத்தர் உலகத்துக்கு இந்தக் கோடி, ஒருத்தர் அந்தக் கோடி. சேந்து பிளாஸ்டிக்கத் திங்கற ஒரு சரக்கு பண்ணியிருக்காங்க."

"திங்கறது சரி மாப்பிள்ளை. செரிக்குதா?"

"அது அடுத்த இதழ்ல வரும்."

உலகத்தின் எந்த மூலையில் எவர் கண்ணாடிக் குடுவையைக் கையில் எடுத்தாலும் அவர் இவருக்கு 'நம்மாளு'. சொந்தச் சித்தப்பா மட்டும் அந்தக் கணக்கில் சேரமாட்டார். அவர் வரி வக்கீல்.

என் தங்கை மகளின் கணவர். எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் வேதியியல் வேலை. அங்கே உள்ளவர்கள் அவரைக் கூப்பிடுவது 'தாடி' என்றுதான். அவருடைய அறைக் கதவில் இருக்கும் பெயர்ப் பலகையைத் துடைக்க வருகிறவர் தவிர வேறு யாரும் படித்ததில்லை. தங்கை மகள் பல் மருத்துவர். நாளெல்லாம் ஊரார் வாயைத் திறந்து பார்க்கிறவள், கட்டிய புருஷனின் மோவாயைப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே வந்து குடியேறிவிட்ட தாடி அது. "எனக்கு மூத்தாள்" என்பாள்.

அந்தத் தாடியைப் பற்றி நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். மூக்குக்கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்த திருகாணி அதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டு வெளியே வந்தது. ஒருமுறை ஒரு குருவி வந்து உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிற்று. ஏற்கெனவே ஆள் இருப்பது போலத் தோன்றியிருக்க வேண்டும். காற்றடிக்கிற நாளில் அவர் ஒரு தெருவில் திரும்புவதற்குள் தாடி முதலில் திரும்பிவிடும்.

மற்றபடி சாதுவான மனிதர். எல்லாரும் கழிப்பறைக்குப் போய்வந்து கை கழுவினால் இவர் போவதற்கு முன்னால் கழுவுவார். "என் தொழில்ல கை தொடாததத் தொட்டிருக்கும் பெரியம்மா." அடுப்பில் என்ன கொதித்தாலும் குனிந்து முகரமாட்டார். எட்ட நின்று, ஆவியை உள்ளங்கையால் தன் மூக்குப் பக்கம் மெல்ல வீசிக்கொள்வார், கூச்சப்படுகிற விருந்தாளியை உள்ளே அழைப்பது போல. இரண்டு கையிலும் கடிகாரம் உண்டு. இடது கையில் நம் நேரம். வலது கையில் அக்காவின் நேரம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. கடல் தாண்டி, வேறொரு நாட்டில், வேறொரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிற கூட்டாளி. அந்த அம்மாள் பேசுகிற மொழியில் அக்கா என்கிற சொல்லே கிடையாதாம். இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டார். அவரும் 'தம்பி'யைக் கற்றுக்கொண்டார். மற்றதெல்லாம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது மொழியில் நடக்கும். அதை நம் பேச்சுக்குக் கொண்டுவந்து இங்கே போட்டிருப்பது என் கைவேலை.

இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட காரியம், குடிநீரில் கலந்திருக்கிற ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு படிகம். அந்தக் கூட்டு வேலைக்கு ஒரு விதி. ஒருவர் செய்து, செய்த விதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர் அந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தன் கையால் செய்து பார்க்க வேண்டும். இங்கிருந்து ஒரு துகள்கூட அங்கே போகக் கூடாது. சமையல் குறிப்பை எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, அவள் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காமல் வாசலிலேயே நிற்பது போல.

இவர் செய்தார், கூழாங்கல் கணக்கில் படிகம் வந்தது. எழுதி அனுப்பினார். அக்கா அடுப்பே மூட்டவில்லை, அதற்குள் சங்கத்தின் இதழ் முந்திக்கொண்டு 'இரு கரை, ஒரு படிகம்' என்று தலைப்புப் போட்டு இரண்டு பேர் படத்தையும் வெளியிட்டுவிட்டது. அந்த மாதம் படியில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கிடைத்தது. பால்காரருக்கு இரண்டு.

அக்காவுக்குப் படிகம் வரவில்லை.

எழுதியபடியே கலந்தார், காய்ச்சினார், ஆறவிட்டார். பாகு பாகாகவே நின்றது. மறுபடி செய்தார். மறுபடியும் பாகு. அங்கே ஏற்கெனவே அவருடைய பிரிவைக் கலைத்து இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. ஒரு குழு வந்து பார்க்கப்போகிறது. அன்றைக்கு அவர் கையால் படிகம் வந்தால் பிரிவு நிற்கும். இல்லையென்றால் அவரும் அவரை நம்பியிருக்கிறவர்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். 'உன் தம்பி உன் காதுல நல்லாப் பூ சுத்திட்டான்' என்று கூட இருப்பவர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே மாடிப்படித் திருப்பத்தில் ஆளைக் காணோம். எல்லாரும் நிம்மதியாக மாடியேறினோம். அந்த நிம்மதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஒரு மாலை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே மடிக்கணினி, அதற்குள் அக்கா. அவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது.

"தம்பி, தண்ணி?"

"எழுதினதுதான் அக்கா."

"சூடு? கிளறுன வேகம்?"

"எல்லாம் எழுதினதுதான். எழுதாம விட்டது எங்க ஊர்க் காத்து ஒண்ணுதான்."

அக்கா கையிலிருந்த குறிப்பை மூடிவைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அந்தத் தாடிக் கதைய இன்னொரு தடவ சொல்லு."

அந்தக் கதையைக் கேட்காதவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் அவிழ்த்துவிடுவார். அன்றைக்கும் சந்தோஷமாகவே ஆரம்பித்தார்.

"ஒரு காலத்துல ஒரு பெரிய ரசாயனக்காரர் இருந்தாராம். எங்கயும் உறையாத பாகெல்லாம் அவரு ரூமுக்குள்ள நுழைஞ்சா படிகமாயிடுமாம். எல்லாரும் மந்திரவாதின்னாங்களாம். விஷயம் என்னன்னா, அவருக்கு இவ்ளோ பெரிய தாடி. பழைய படிகத்தோட தூசி அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும். அவரு குடுவை மேல குனிஞ்சு, யோசனையா, தாடிய இப்படி..."

கை தாடியில் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"சொல்லு தம்பி."

"...உருவுவாராம்."

"அப்புறம்?"

"அப்புறம்... நான் நாளைக்குப் பேசறேன் அக்கா."

பாலுக்கு உறை மோர் போல, சில பாகுகளுக்கு ஒரு விதை வேண்டும். அதே படிகத்தின் ஒரு துணுக்கு, கண்ணுக்குத் தெரியாத தூசியாக இருந்தாலும் போதும். முதல் படிகம் ஏதோ அதிர்ஷ்டத்தில் தானாக வந்தது; அதன் பிறகு இவர் அந்தப் படிகத்தைப் பொடியாக அரைத்து, சலித்து, அதிலேயே புரண்டவர். குடுவை மேல் குனிந்தால் கை தானாகத் தாடிக்குப் போகும். ஊருக்கெல்லாம் கதை சொன்னவர், கதைக்குள் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறார்.

"நிச்சயமாத் தெரியாம வாய் திறக்கக் கூடாது" என்றார். தெரிந்துகொள்ள ஒரே வழிதான்.

சவரம் மனைவியின் மருத்துவமனையில், பல் பிடுங்குகிற நாற்காலியில் நடந்தது. முடிதிருத்துகிறவர் அந்தத் தாடியைப் பார்த்து வனத்துறைக்கு ஆள் அனுப்பி அனுமதி கேட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. உண்மை என்னவென்றால், அவளே செய்வேன் என்றாள். விளக்கை இழுத்து மோவாய்க்கு நேராக வைத்தாள். கடைசி நுரையைத் துடைத்ததும் கத்தியைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள். மோவாய் சின்னது. நடுவில் ஒரு குழி.

"நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. யாரோ மாதிரி இருக்கு. இவ்ளோ நாளா இதையா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது அவருடைய மாமியார், அதாவது என் தங்கை. "மாப்பிள்ளை இன்னும் வேலையிலேருந்து வரலீங்க, அப்புறமா வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மறுபடி மணியடித்தார்.

தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆய்வறை உண்டு. அவருடைய பொடி எட்டிப் பார்த்திராத இடம். விடுமுறை நாளில் அதை இரவல் வாங்கினார். புதுக் குடுவை, புது மேல்கோட்டு, வழித்த மோவாய். எழுதியபடி அட்சரம் பிசகாமல் செய்தார். சாப்பாடு கொண்டுபோன நானும் அவர் மனைவியும் பார்க்கிறோம்: பாகு அசையாமல் இருக்கிறது, அவரும் அசையாமல் இருக்கிறார். குனிகிறபோதெல்லாம் கை மோவாய்க்குப் போய் வெறுமனே திரும்பி வருகிறது. பொழுது சாயும்வரை படிகம் இல்லை. பிறகு, மூடி முத்திரையிட்ட சின்னக் குப்பியைத் திறந்து பழைய படிகத்தின் ஒரே ஒரு துகளை உள்ளே போட்டார். அது விழுந்த இடத்திலிருந்து வெள்ளை ஓடிற்று. மூச்சு விடுவதற்குள் குடுவை முழுக்கக் கல்.

"அக்கா கையில ஒரு தப்பும் இல்ல" என்றார். "நான் எழுதினதுலதான் ஓட்டை."

அதை இதழுக்கு எழுதினார். படிகம் வர விதை வேண்டும். என்னை அறியாமல் என் தாடியிலிருந்து விழுந்திருக்கிறது. முறையில் அந்த வரியைச் சேர்க்கிறேன். யார் கேட்டாலும் விதை அனுப்புகிறேன். இதழின் ஆசிரியர் நல்ல மனிதர். தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தாடி வேணாமே சார். 'விதை தேவைப்படுகிறது'ன்னு மட்டும் போட்டுக்கலாம். உங்களுக்கும் மரியாதையா இருக்கும்."

"தாடிதான் சார் சங்கதி. அத எடுத்துட்டா அவங்களுக்குச் செய்யத் தெரியலன்னு ஆயிடும்."

அச்சாயிற்று. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நம்மாளுங்க சிரித்தார்கள். கேலிப்படங்கள் வந்தன. ஒருவர் சீப்பு அனுப்பினார். எழுத்தில் விதை ஏறிவிட்டதால் இனி துகள் கடல் தாண்டலாம். ஒரு பொட்டலம் அக்காவுக்குப் போயிற்று. வழியில் சுங்கக்காரர்கள் வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பிடித்து வைத்துக்கொண்டதும், அவர்கள் நாய் முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டதால் பொட்டலம் பிழைத்ததும் தனிக் கதை.

ஆனால் அக்காவோடு பேசும்போதெல்லாம் கேமராவை அணைத்துவிடுவார். திரையில் அவர் இருக்க வேண்டிய கட்டம் கறுப்பாக இருக்கும்.

"ஒரு தடவ முகத்தக் காட்டு தம்பி."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அக்கா? என்னால உங்களுக்கு எவ்ளோ பேச்சு."

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான்."

"இன்னொரு நாள்."

மனைவி தலையிலடித்துக்கொள்வாள். "திரும்ப வளரட்டும்னு காத்திருக்கார் பெரியம்மா. அதுக்குள்ள அங்க பிரிவே போயிடும்."

"வளர்க்கல" என்பார் அவர். உண்மைதான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வழித்துக்கொண்டிருந்தார். மறுபடி பொடி ஒட்டினால் அடுத்த குடுவையிலும் பொய் நுழைந்துவிடுமாம்.

குழு வருகிற நாளில் மனைவி மருத்துவமனையைச் சாத்திவிட்டு வந்தாள். மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். திரையில் அக்கா நின்றார். பின்னால் கோட்டுப் போட்ட சிலர், கையைக் கட்டிக்கொண்டு. முன்னால் குடுவை, அதில் பாகு. முறையில் புதிதாகச் சேர்த்த வரியை அக்கா உரக்கப் படித்தார். இடுக்கியால் ஒரு துகளை எடுத்தார். இங்கே மாப்பிள்ளை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

துகள் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கட்டிய கைகளில் ஒன்று அவிழ்ந்து கடிகாரத்தைப் பார்த்தது. அப்போது அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டிலிருந்து ஊசி, ஊசியிலிருந்து ஊசி. குடுவையின் தோள்வரை ஏறி நின்றது. கோட்டுக்காரர்கள் கையை எடுத்துவிட்டுக் குனிந்தார்கள். யாரோ ஒருவர், 'இந்த அறை இவங்ககிட்டயே இருக்கட்டும்' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இங்கே வரை கேட்டது.

அக்கா குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தியா தம்பி?"

இவர் தலையாட்டினார், அங்கே அது தெரியாது. குழுவில் வயதான ஒருவர் கறுப்புக் கட்டத்தைச் சுட்டிக் கேட்டார்: "அந்தத் தாடிக்காரர் வந்திருக்காரா?"

"இருக்கான். இருட்டுல உக்காந்திருக்கான்" என்றார் அக்கா.

மாப்பிள்ளையின் கை வழக்கம்போல மோவாய்க்குப் போயிற்று. உருவுவதற்கு ஒன்றுமில்லாமல் அந்தக் குழியில் சற்று நின்றது. பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை நீட்டிக் கேமராவைத் திறந்தார்.