சுதா அக்கா கேட்ட அடையாள அட்டை

இன்று காலை எங்கள் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. பழைய உறுப்பினராம், கணினி பழுதாகிக் கடவுச்சொல் எல்லாம் போய்விட்டதாம், திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். பெயரைப் பார்த்ததும் எனக்குக் காபி புரையேறியது. சுதா அக்கா.

குழு என்றதும் மகளிர் கடன் குழு என்று நினைத்துவிடாதீர்கள். இலவச மென்பொருளில் தமிழில் தட்டச்சு செய்யும் விசைப்பலகைக்கென ஒரு நிரல் தொகுப்பு உண்டு. அதில் பழுது பார்ப்பது சம்பளமில்லாத எங்கள் வேலை. ஒருவர் திருத்தினால் இன்னொருவர் சரிபார்த்துத்தான் புதிய பதிப்புக்கு அனுப்ப வேண்டும். நான் தொட்டதெல்லாம் உடைந்ததால் எனக்கு அனுப்பும் உரிமை தரவில்லை. நியாயம்தான்.

கம்பத்தில் என் டிடிபி கடைதான் அலுவலகம். ஜெராக்ஸ் காகிதத்தின் சூட்டு வாசம் எங்கே அடித்தாலும் எனக்குப் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு நாள் ஞாபகம் வந்துவிடும். அப்போது குழுவில் இருந்த சுதா அக்கா ஒரு பழுதைத் திருத்தியிருந்தார். சாயங்காலத்துக்குள் அது போகாவிட்டால் அடுத்த பதிப்பில் விசைப்பலகையே இருக்காது. அப்புறம் நான் கல்யாணப் பத்திரிகையை எதில் அடிப்பது? அனுப்ப வேண்டியவரோ வேலை கிடைத்து விலகிவிட்டார். அவர் இடத்துக்கு அக்காவின் வீட்டுக்காரர் மணி அண்ணனைச் சேர்ப்பதென்று முடிவு. புதிதாகச் சேர்பவரை உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

அக்காவோடு என் கடைக்கு வந்த அண்ணன் அட்டையைப் பக்கத்து ஊர் கோம்பையில், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அக்கா விடவில்லை.

"ஏத்தா, எட்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். நான் யாருன்னு தெரியாதா?"

"அது வீட்டுக்கு. குழுவுக்கு அட்டை வேணும்."

"நம்ம வீட்டு நாய்கூட மோந்து பாத்துட்டு உள்ள விட்டுருது."

"அப்ப நாயவே ஒப்புதல் குடுக்கச் சொல்லுங்க."

அண்ணன் என் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் பெட்ரோல் போடுகிற வழக்கமில்லாதவன் என்பது அவருக்குத் தெரியாது. திராட்சைப் பெட்டி ஏற்றிய டெம்போவில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். அக்கா அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல மீச பெருசா இருக்கே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன். ஒருவழியாக ஒப்புதல் கிடைத்து, இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டோம்.

பிறகு அவர்கள் பெங்களூர் போய்விட்டார்கள். அக்காவும் மெல்ல ஒதுங்கிக்கொண்டார். இப்போது குழுவில் இருப்பவர்கள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். நேரில் பார்க்கும் விதியையும் எடுத்தாகிவிட்டது. அக்காவின் விண்ணப்பத்துக்கு எல்லாரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும், "அடையாள அட்டையோட கம்பத்துக்கு நேர்ல வாங்கக்கா" என்று எழுதினேன்.

"ஏலே, அந்த விதியத்தான் எடுத்துட்டாகளே" என்று உடனே பதில் வந்தது.

எடுத்துவிட்டார்கள்தான். அட்டை யாருக்கு வேண்டும் அக்கா, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ரொம்ப நாளாகிறது.