ஜேர்மனியில் பழகிய கைகள்

நாங்கள் ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்தபோது என் கைப்பையில் முக்கியமான ஆவணங்கள் இரண்டு இருந்தன. ஒன்று கடவுச்சீட்டு. மற்றது, வீடுகளுக்கு மின்னிணைப்புக் கொடுக்கும் தொழிலில் மூன்றரை வருடப் பயிற்சியை முடித்ததற்கான சான்றிதழ். முதலாவதை விமான நிலையத்தில் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். இரண்டாவதை வாசிக்க லண்டனில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பயிற்சியை ஜேர்மனித் தமிழர் நாங்கள் ‘அவுஸ்பில்டுங்’ என்றே சொல்வோம். அதற்கு வீட்டில் வேறு சொல் இருக்கவில்லை. பதினாறு வயதில் ஒரு சிறிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தேன். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். வாரத்தில் மூன்று நாள் வேலை, இரண்டு நாள் தொழிற்பள்ளி. வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். சுவிஸில் இருந்த என் மச்சாள் முதியோர் இல்லமொன்றில் இப்படித்தான் பழகினாள். பாரிஸில் இருந்த சித்தப்பா மகன் பேக்கரியில் பாண் போடப் பழகினான். எங்களுக்குள் யாரும் யாரையும் அதற்காகக் குறைத்துப் பார்த்ததில்லை.

லண்டனில் கதை வேறாக இருந்தது. மகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் கணவர் இங்கே வரத் தீர்மானித்தார். வந்த புதிதில் ஹரோவில் கணவரின் அக்கா வீட்டில் ஒரு பிறந்தநாள். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கணக்காளர், மீதிப்பேர் டாக்டர். அக்கா என்னை “இஞ்சினியர்” என்று அறிமுகப்படுத்தினார். நான் திருத்தவில்லை. யாராவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அன்று முழுவதும் சமையலறையிலேயே நின்றேன்.

சான்றிதழை மதிப்பிடச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. என் படிப்பு இந்த நாட்டின் இன்ன தரத்துக்குச் சமம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் தனியாக வேலை செய்ய வேண்டுமானால் இங்குள்ள விதிகளில் ஒரு பரீட்சையும், பிறகு ஒரு செய்முறைத் தேர்வும் எடுக்கவேண்டும். அதுவரைக்கும் தன்னோடு வந்து வேலை செய்யச் சொன்னார் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. அகதியாக வந்து, பகலில் கடையில் நின்று, மாலையில் கல்லூரியில் படித்து, ஒரு வான் வண்டியும் இரண்டு ஏணியுமாக இதே மின்வேலையைச் சொந்தத் தொழிலாகத் தொடங்கியவர்.

முதல் நாள் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “தங்கச்சி, இஞ்சத்தைப் பழைய வீடுகளிலை கறுப்பு நியூட்ரல். அதை மட்டும் மறந்திடாதேங்கோ.”

ஜேர்மனியில் மின்சாரத்தைக் கொண்டுவருவது கறுப்பு அல்லது பழுப்புக் கம்பி. அதைத் திருப்பிக் கொண்டுபோவது நீலம். லண்டனின் பழைய வீடுகளில் கொண்டுவருவது சிவப்பு. திருப்பிக் கொண்டுபோவது, அதாவது அண்ணை சொன்ன நியூட்ரல், கறுப்பு. போதாததற்கு அந்த வருடங்களில்தான் பிரித்தானியாவும் ஐரோப்பிய நிறங்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. அதனால் ஒரே வீட்டில் பழைய பகுதியில் சிவப்பும் கறுப்பும், புதுப்பகுதியில் பழுப்பும் நீலமுமாக ஓடும். இரண்டும் எங்கேயாவது ஒரு பெட்டிக்குள் சந்திக்கும். அங்கே சிவப்போடு பழுப்பும், கறுப்போடு நீலமும் சேரவேண்டும். வெங்காயம் வதக்கும்போதும் இதையே சொல்லிக்கொண்டு நிற்பேன். மூளைக்கு விளங்கியது. கைகளுக்கு விளங்கியதா என்பதுதான் சந்தேகம். அந்தக் கைகள் ஆயிரக்கணக்கான தடவை கறுப்பைப் பிடித்து ‘இதுதான் உயிருள்ளது’ என்று பழகியவை.

கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு. மேல்மாடி நடையில் இருந்த விளக்கையும் அதன் சுவிட்சையும் கொஞ்சம் தள்ளிப் புதுக் கம்பியில் பொருத்த வேண்டும். அது ஜூன் மாதம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டைப் பார்க்கவேண்டும் என்று அண்ணை என்னை முதன்முறையாகத் தனியே விட்டுவிட்டுப் போனார். மிச்சம் இருந்தது கூரைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் பழைய கம்பிகளையும் புதியவற்றையும் சேர்ப்பது மட்டும்தான். சேர்த்துவிட்டு மீற்றரால் சோதிப்பது முறை. ஆனால் மகளின் நர்சரி ஐந்தரைக்குப் பூட்டிவிடும். வீட்டுக்கார அக்கா வேறு, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கீழே பிட்டைப் போட்டு வைத்துக்கொண்டு கூப்பிட்டார். கம்பிகளைச் சேர்த்தேன், பெட்டியை மூடினேன், அதன் மேல் தளப்பலகையைப் போட்டேன். சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரிந்தது. நிறுத்தினேன், அணைந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் அது வந்தது. என் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு கறுப்புக் கம்பியைப் பிடித்திருக்கின்றன. அதைப் பழுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகின்றன. கண்ணை மூடிப் பார்த்தேன். அது இன்றைக்கு நடந்ததா, ஜேர்மனியில் எப்போதோ செய்ததா என்று பிரிக்கமுடியவில்லை. அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை. அண்ணையை அழைக்க விரல் போனது, நிறுத்திக்கொண்டேன். தனியே விட்ட முதல் நாளே இப்படி என்றால் என்ன நினைப்பார் என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கணவரை அழைத்து மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அவர் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

“லைற் எரிஞ்சதுதானே?” என்று கேட்டார்.

“மாறிக் குடுத்தாலும் எரியும்” என்றேன்.

அதுதான் அதில் உள்ள பயங்கரம். கம்பிகள் மாறியிருந்தாலும் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். ஆனால் சுவிட்ச் வெட்டுவது திருப்பிக் கொண்டுபோகும் கம்பியைத்தான், அதனால் அணைந்த பிறகும் பல்ப் மாட்டும் இடத்தில் மின்சாரம் நிற்கும். சுவிட்சை நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் கைவைப்பவரை அது பிடிக்கும்.

அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினேன். வீதியெல்லாம் வாகன நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் யாரோ வேண்டுமென்றே என்னைப் பிடித்து வைத்திருப்பதுபோல இருந்தது. கடைசி இரண்டு தரிப்பை ஓடியே கடந்தேன். கருவிப்பை இடுப்பில் மோதி மோதி அந்த இடம் பிறகு கன்றிப்போயிருந்தது.

வீட்டுக்கார அக்கா கதவைத் திறந்தார். தோட்டத்தில் நின்றதால் தொலைபேசி கேட்கவில்லையாம். ஏதாவது விட்டுவிட்டுப் போனீர்களா என்று கேட்டார். நான் மேலே பார்த்தேன். படிகளின் முடிவில், விளக்குக்கு நேர் கீழே, ஏறி நிற்க ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. கதிரையில் ஒரு கடதாசிக் கூடு, இடம் மாறிய விளக்கைச் சுற்றி மாட்ட வாங்கி வைத்தது. தன் கணவர் வேலையால் வந்ததும் மாட்டச் சொல்லவேண்டும் என்றார் அக்கா. அக்காவின் மூத்த மகள் அந்தக் கதிரைக்குப் பக்கத்திலேயே தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்தினேன். கீழே தொலைக்காட்சி அணைய, சின்னப்பிள்ளை அழத் தொடங்கியது. கூரைக்கு அடியில் ஏறி, பலகையைத் தூக்கி, பெட்டியின் மூடியைக் கழற்றினேன். கறுப்பு பழுப்போடு இருந்தது. சிவப்பு நீலத்தோடு இருந்தது. முறுக்கி வைத்திருந்த அழகைப் பார்த்தால் எந்த ஆசிரியரும் முழுப்புள்ளி தருவார்.

மாற்றினேன். மூன்று தடவை சோதித்தேன். பிறகு கீழே வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். என்ன பிழை, என்ன நடந்திருக்கலாம், இப்போது சரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் தேற்றவில்லை. சின்னப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அண்ணையிட்டை இதை நான் சொல்லத்தான் வேணும்” என்றார்.

“நானே சொல்லுறன் அக்கா.”

“இப்ப சொல்லுங்கோ. நான் நிக்கிறன்.”

அவர் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் அண்ணையை அழைத்தேன். வாறன் என்று மட்டும் அண்ணை சொன்னார். அரை மணித்தியாலத்தில் வந்து, நான் மூடிய பெட்டியை மறுபடி திறந்து, அந்த வீட்டில் நான் தொட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கடதாசிக் கூட்டைத் தானே மாட்டிவிட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வான் வண்டியில் ஏறிய பிறகுதான், ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டார். அவசரம் என்றேன். வேறு காரணம் சொல்ல இருக்கவில்லை.

“உங்களைத் தனிய விட்டது என்ரை பிழை. அதுக்காக உங்கடை பிழை இல்லையெண்டு ஆகாது” என்றார். “பரீட்சை முடியும்வரைக்கும் தனிய வேலை இல்லை, தங்கச்சி.”

அவர் சொன்னது நியாயம். ஆனாலும் பத்தொன்பது வயதில் தேர்வாளர்களுக்கு முன்னால் ஒரு முழு மின்பலகையைக் கட்டிக்காட்டியவள், இருபத்தெட்டு வயதில் சுவருக்குத் துளை போடவும் தூசி கூட்டவும் திரும்பிப் போனேன். கவலையாக இருந்தது. தனியே ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பது நிம்மதியாகவும் இருந்தது. இரண்டாவதைத்தான் கணவரிடம் சொல்லவில்லை.

விதிகள் பற்றிய பரீட்சையில் முதலில் சித்தியடைந்தேன். செய்முறைத் தேர்வு இலையுதிர் காலத்தில், எட்மண்டனில் ஒரு கல்லூரியில். பலகையால் அடைத்த சின்ன அறைக்குள் வேண்டுமென்றே பிழைகள் வைத்த இணைப்புகள். அவற்றைக் கண்டுபிடிக்கவேண்டும். நான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன். ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை சோதித்ததில் நேரம் முடிந்துவிட்டது, தாளில் பாதி வெறுமையாக இருந்தது. வேலை நன்று, வேகம் போதாது என்று தேர்வாளர் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் கழிப்பறைக்குள் போய் நீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

குளிர் காலத்தில் மறுபடி எடுத்துச் சித்தியடைந்தேன். அடுத்த வாரம் அண்ணை என்னை நகரசபைக்குச் சொந்தமான ஒரு கவுன்சில் வீட்டில் காலையில் இறக்கிவிட்டுப் போனார். அரை நாள் வேலை. மாலையில் அவர் வந்தபோது நான் அப்போதுதான் கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். சோதனைத் தாளை வாங்கி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். திரும்பத் திரும்பச் சோதித்ததில், அழித்து எழுதாத ஒரு கட்டமும் அதில் இல்லை. கீழே கையெழுத்து வைத்தார். அரை நாள் வேலையை அரை நாளில் முடிக்க எனக்கு இன்னும் ஒரு வருடம் எடுத்தது.