நாலு வயதுப் பிள்ளையின் கலியாணம்

நான் அண்ணை என்று கூப்பிட்ட அந்த மனிதர் நீதிமன்றத்துக்கு எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட்டில்தான் வருவார். சட்டையைக் கழுத்துவரை பூட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஏலக்காய் மென்றபடி நாற்காலி நுனியில், சம்பந்தம் பேச வந்தவர் போல அடக்கமாக இருப்பார். தொண்ணூறுகளில், ரொறன்ரோவின் குடும்ப நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நான் அலைந்த காலம். எத்தனையோ வழக்குகள். பெயர்கள் மறந்துவிட்டன, முகங்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. களைப்பு மட்டும் போகவில்லை. அவரும்தான்.

கனடா வந்த அடுத்த வருடமே அவருடைய மனைவி நோயில் இறந்துவிட்டாள். உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்து, நாலு வயது மகளைத் தூங்கவைத்த பிறகு குடிக்கத் தொடங்கியவர், போகப்போக அவள் தூங்கும்வரை பொறுக்கவில்லை. ஒரு மார்கழிக் காலை, பிள்ளை வெறுங்காலோடு அப்பார்ட்மென்ற் வாசலில் பனிக்குள் நின்றாள். மேலே அவர் நினைவில்லாமல் கிடந்தார். யாரோ பொலிசுக்குச் சொன்னார்கள். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சிறுவர் நலப் பிரிவினர் பிள்ளையை விட்பி என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் விட்டார்கள். வாரத்தில் ஒரு நாள், பணியாளர் ஒருவர் பார்த்திருக்க, அவர் மகளைக் காணலாம். நானும் கூட இருப்பேன். அந்த நேரமெல்லாம் அவளுக்குத் தலை பின்னுவதிலேயே போய்விடும். சில மாதங்களில் அவர் தமிழில் கேட்டதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மகள் சொன்னதைத் தகப்பனுக்கு மொழிபெயர்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

அவருடைய வழக்கறிஞர் நல்ல பெண். குடிப்பதை ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குப் போனால் நீதிபதி அவகாசம் தருவார், பிள்ளை திரும்பி வரலாம்; மறுத்தால் அவளை ஒரேயடியாக எடுத்துத் தத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று தாழ்வாரத்தில் நின்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். அண்ணை அசையவில்லை.

“தாயில்லாப் பிள்ளை, தங்கச்சி. தேப்பன் குடிகாரன் எண்டு இதிலை எழுதிப்போட்டால், நாளைக்கு ஆர் அவளைக் கட்டுவினம்? ஸ்காபரோ முழுக்க எங்கட சனம்.”

நாலு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் மனிதர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் சனத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யென்று மறுக்க என்னாலும் முடியவில்லை.

விசாரணையில், தான் குடித்ததே இல்லை என்றார். அவர் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டு அன்ரியும், கோயிலில் பழக்கமான ஓர் அங்கிளும் அதையே சத்தியம் பண்ணிச் சொன்னார்கள். கெட்டவர்கள் அல்ல. ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பி வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார்கள். மருத்துவமனையில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவோ நீதிபதியின் மேசையில் கிடந்தது. குடியை ஒப்புக்கொள்ளாதவர் திருந்துவார் என்று நம்ப வழியில்லை, உதவ இருப்பவர்களும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றார் நீதிபதி. பிள்ளை இனி அரசின் பொறுப்பு. தத்துக் கொடுக்கப்படுவாள். தகப்பன் அவளைப் பார்க்க முடியாது.

அவருடைய காதோரம் இதையெல்லாம் தமிழில் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். இனித் தன்னுடைய பெயரும் அவளுக்கு இருக்காதோ என்று மட்டும் கேட்டார். வழக்கறிஞரிடம் விசாரித்து, இருக்காது என்றேன். பிறகு எழுந்து நின்றார்.

“அப்ப இனிப் பறவாயில்லை. நான் குடிக்கிறனான் எண்டு ஜட்ஜிட்டைச் சொல்லுங்கோ, தங்கச்சி. எல்லாத்தையும் எழுதட்டும்.”

நீதிபதி அதற்குள் உள்ளே போய்விட்டார். எழுதுவினைஞர் அடுத்த வழக்குக்கு மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். வேறென்ன செய்ய?

இப்போது அஜின்கோர்ட்டில் கலியாண வீடுகளுக்குப் போனால் அவளை நினைத்துக்கொள்கிறேன். முப்பது தாண்டியிருக்கும். யாரைக் கட்டினாளோ தெரியாது. தகப்பன் எப்படிப்பட்டவர் என்று அவளிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.