இரவல் நாக்கு

சமையலில் குறை சொல்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. குறை சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறவர்கள் ஒரு வகை. குறை சொல்லிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு வகை. மாஸ்டர் இரண்டாவது வகை. "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்பார், இன்னொரு கரண்டி கேட்பார். "வெங்காயம் வதங்கல" என்பார், அதையும் பொறுக்கித் தின்பார். கல்யாணமான நாளிலிருந்து இதையே கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது. "அப்ப நீங்களே சமைச்சுக்கங்க" என்பதுதான் அவளுடைய ஒரே பதில். அவர் சமைத்ததும் இல்லை, குறையை விட்டதும் இல்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்குச் சோறு போடுவதே அந்த நாக்கும் மூக்கும்தான். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஓட்டலில் பார் கவுண்ட்டர் அவர் பொறுப்பு. மேனேஜரிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஓட்காவுக்கு வாசனையே கிடையாது என்று குடிக்கிறவர்களே சொல்வார்கள். மாஸ்டர் மூடியைத் திறந்து முகர்ந்தால் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார். இத்தனைக்கும் மனிதர் குடிக்கிறவர் இல்லை. கலந்த கிளாஸில் ஸ்ட்ராவை விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய குடி.

மனைவி வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்றே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வேலை எதுவாக இருந்தாலும் சரி, பாட்டில் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மாஸ்டர் அந்த வார்த்தையை அப்படியே காப்பாற்றிவந்தார். வீட்டுக்குள் நுழையும்போது வேலையையும் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிடுவார்.

அப்படி இருந்தவருக்குத்தான் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, உடம்பு தேறியது, நாக்கு மட்டும் தேறவில்லை. காய்ச்சலில் நாக்கு செத்துப்போவது எல்லோருக்கும் நடக்கிறதுதான், நாலு நாளில் உயிர் வந்துவிடும் என்று அவரும் இருந்தார். வரவில்லை. எலுமிச்சையைப் பிழிந்து நக்கினால் ஏதோ லேசாகப் புளித்தது, எவ்வளவு புளிப்பு என்றோ அது எலுமிச்சை என்றோ தெரியவில்லை. காப்பி வெறும் கசப்பு வெந்நீராக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "மூக்கு போயிருக்கு, அதான் ருசி தெரியல. வரும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அது வந்த நேரமும் சரியில்லை. ஓட்டல்காரர்கள் பாரை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்காவில் செய்கிற பழைய பெயர்போன கலவைகள் ஐந்தை வைத்துத்தான் திறப்பு. திறப்பதற்கு முன்னால் மாஸ்டர் ஐந்தையும் கலந்து காட்ட வேண்டும், மேனேஜர் அம்மாள் ருசி பார்ப்பார். மூக்கு போன கதை தெரிந்தால் கவுண்ட்டரில் யார் நிற்க வைப்பார்கள்? அவருக்கு வேறு தொழில் தெரியாது. இனிமேல் கற்றுக்கொள்கிற வயதும் இல்லை.

ஆகவே யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. வீட்டில் மறைப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அபாரம். குறை சொல்லத் தெரியவில்லையா, பாராட்டிவிடுவோம் என்று முடிவு செய்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார் முதல் நாள். மறுநாளும் அதையே சொன்னார். ஒரு வாரம் விடாமல் பாராட்டினார். உலகத்தில் எந்தப் புருஷனும் பாராட்டி மாட்டிக்கொண்டதில்லை. மாஸ்டர் மாட்டிக்கொண்டார்.

எட்டாவது நாள் அவள் வேண்டுமென்றே சூப்பை அடிபிடிக்க விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குத் தீய்ந்த வாடை. மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அருமை" என்றார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே."

"தீஞ்ச சூப்புங்க அது. வீடே நாறுது."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் எத்தனை நேரம்தான் விழிப்பார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் முடித்ததும் சூப்பைக் கொட்டிவிட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

"வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

"எதை?"

"அந்தச் சனியனைத்தான். நீங்க கலக்குங்க. நான் நாக்கை நீட்டறேன்."

மாஸ்டர் அவளையே பார்த்தார். இப்படி ஒரு பெண்ணிடம் இத்தனை வருஷம் உப்பு தூக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டில், சீருடைத் துணிக்கு அடியில் பதுங்கி, வாசலைத் தாண்டியது. வீட்டில் பார் சாமான் ஒன்றும் கிடையாது. குலுக்கிக் கலக்க, மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடி. டீ வடிகட்டிதான் வடிகட்டி. அளக்க இருமல் மருந்து மூடி, அதில் கோடு போட்டிருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு அவள் சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்தாள், பல் பிடுங்க வந்தவள் முகத்தோடு.

முதல் சொட்டுக்கே குழாயடிக்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து, "தொண்டையில ஊசி குத்துது" என்றாள்.

"முன்னாடி குத்துதா, முழுங்கின பிறகு குத்துதா?"

"பிறகு."

"அது இஞ்சி. அப்படித்தான் குத்தணும்." மாஸ்டர் முகம் மலர்ந்தது. அது மாஸ்கோ மியூல். ஓட்காவும் எலுமிச்சையும் இஞ்சி பியரும். ஒன்று தேறிவிட்டது.

கிரான்பெரி என்கிற குருதிநெல்லியின் சாறு சேர்த்து இளஞ்சிவப்பாக வருகிற காஸ்மோபாலிட்டனை நக்கிவிட்டு, "பார்க்கக் கல்யாணப் பொண்ணு, வாயில வச்சா மாமியார்" என்றாள். தக்காளிச் சாற்றில் மிளகும் உப்பும் காரமும் போட்ட ப்ளடி மேரிக்கு, "இது ஆறிப்போன சூப்பு. இதுக்கா காசு குடுக்கறாங்க?" காப்பியும் க்ரீமும் சேர்கிற ஒயிட் ரஷ்யனுக்கு, "நல்ல காப்பியைக் கெடுத்து வச்சிருக்கீங்க." மார்ட்டினிதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஓட்காவும், வெர்மூத் என்கிற மூலிகை ஒயின் கொஞ்சமும், ஐஸில் கிண்டி வடித்தது. ஸ்ட்ராவை இரண்டு தடவை விட்டுப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையேங்க. சில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான்."

"அந்த ஒண்ணுமே இல்லாததைக் கொண்டுவர்றதுதான் கஷ்டம்" என்றார் மாஸ்டர்.

இரண்டு மூன்று ஞாயிறு போனபிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எலுமிச்சை சேர்கிற எதைக் கொடுத்தாலும், "இன்னும் கொஞ்சம் பிழியுங்க" என்றாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே புளிப்பென்றால் உயிர். ஆகவே அவள் சரி என்கிற இடத்திலிருந்து மருந்து மூடியில் அரை மூடி சாற்றைக் குறைத்துக் கணக்கு வைத்துக்கொண்டார். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"என் நாக்கு பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"பொய் சொல்லல. ஆசைப்படுது."

இப்படி ஒரு மத்தியானம், அவள் இளஞ்சிவப்புக் கிளாஸும் வாயில் ஸ்ட்ராவுமாகக் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய அண்ணன் வந்து நின்றான். வீட்டில் நல்லதாக ஏதாவது இருந்தால் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். மாஸ்டரின் மூக்கு போனாலும் அவன் மூக்கு நன்றாகவே வேலை செய்தது.

"மாப்பிள்ளை! என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! என் தங்கச்சியையா குடிக்க வச்சீங்க?"

மாஸ்டர் ஜாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவள் அசையவே இல்லை. "அண்ணே, கத்தாத. இவருக்கு மூக்கு போயிடுச்சு. கொஞ்ச நாளைக்கு நான்தான் இவருக்கு நாக்கு. உட்கார்ந்தா மிச்சம் இருக்கறது உனக்கு. கத்தினா எல்லாத்தையும் கொட்டிடுவேன்."

அண்ணன் உட்கார்ந்தான். அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அவன் தவறவில்லை. எல்லாமே பிரமாதம் என்றான். பாராட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாத நாக்கு எதற்கு ஆகும், அவனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சோதனை நாளும் வந்தது. புது பாரில் பெயின்ட் வாடை தாங்காமல் மேனேஜர் அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். மாஸ்டரும் தனக்கும் வாடை அடிப்பதுபோல் சட்டென்று தன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு கவுண்ட்டருக்கு உள்ளே போய் நின்றார். கை பழைய கைதான், அளவெல்லாம் மனப்பாடம். நாலு கிளாஸ் வரிசையாகப் போயிற்று. ஒவ்வொன்றிலும் ஸ்ட்ராவை விட்டு நாக்கில் சொட்டி, தலையை ஆட்டிவிட்டுத்தான் நகர்த்தினார். அம்மாள் குடித்துப் பார்த்து, "ம்" என்றார் நாலு தடவை. அவர் வாயிலிருந்து "ம்" வந்தால் அது மாலை மரியாதை.

கடைசியில் மார்ட்டினி. ஐஸைப் போட்டுக் கிண்டினார். அலமாரியில் இருந்த வெர்மூத்தைத் திறந்து ஊற்றினார். வடித்து, எலுமிச்சைத் தோலை முறுக்கிப் போட்டு, ஸ்ட்ராவை விட்டார். நாக்கில் சில்லென்று இருந்தது. தலையை ஆட்டினார்.

அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். "மாஸ்டர், இது சரியா இருக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்லிவிட்டு வேறு கலக்கலாம். இரண்டில் ஒன்று தப்பு. எது தப்பு என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. சமையலறை மேஜையில் முகத்தைச் சுளித்தாலும் உள்ளதை உள்ளபடி சொன்னவளின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"தெரியல மேடம்."

"என்ன தெரியல?"

"ருசி தெரியல. காய்ச்சலோட மூக்கு போயிடுச்சு, நாக்கும் செத்துப்போச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அம்மாள் வெர்மூத் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கட்டட வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி திறந்தது. ஃப்ரிட்ஜில வைக்காம இத்தனை நாள் வெளியவே நின்னிருக்கு. கெட்டுப்போச்சு. பழைய மாஸ்டரா இருந்தா மூடியைத் திறந்ததும் தொட்டியில கொட்டியிருப்பார்."

மாஸ்டர் அந்தக் கிளாஸை எடுத்துத் தொட்டியில் கொட்டினார்.

"சரி, மத்த நாலும் எப்படி சரியா வந்துது?"

"வீட்டுக்காரி நாக்கு மேடம். அவளுக்குப் புளிப்பு ஜாஸ்தி பிடிக்கும். அதைக் கழிச்சிட்டுக் கலந்தேன்."

அம்மாள் காஸ்மோபாலிட்டனை எடுத்து இன்னொரு வாய் குடித்தார். "இன்னும் கொஞ்சம் கழிச்சிருக்கணும்" என்றார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார் போலிருந்தது. பிறகு அவர் சொன்னது கறாராகத்தான் இருந்தது. வேலை இருக்கிறது, கவுண்ட்டர் பொறுப்பு இப்போதைக்கு இல்லை. மாஸ்டர் கலக்கட்டும், ருசி பார்த்து அனுப்புவது வேறொருவர். மூக்கு வரட்டும், அப்புறம் பேசலாம். இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது.

நியாயமான பேச்சுதான். மாஸ்டருக்கே அது தெரிந்தது. சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் ஸ்ட்ராக்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கவுண்ட்டர் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னார். "பாட்டில் கெட்டுப்போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவள் கேட்கவில்லை. வேலை மிஞ்சியதே என்று ஆறுதலும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். சூப்பும் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தாள். அவர் ஒரு கரண்டி சூப்பைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா..." என்று ஆரம்பித்தார்.

"அதைச் சொல்லாதீங்க" என்றாள்.

அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். அவர் சூப்பிலேயே ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி நாக்கில் நிறுத்திப் பார்த்தாள்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றாள். "வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கணும். முழுங்கின பிறகுதான் மிளகு வாசனை மேல வருது. அது நல்லா இருக்கு."

மாஸ்டர் கரண்டியைத் திரும்ப வாங்கி அதே சூப்பை இன்னொரு வாய் குடித்தார். உப்பு தூக்கலாக இருக்கும் என்று நினைத்துக் குடித்தார். வெங்காயம் வதங்காத அந்த வாசனையை நினைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"கிழங்கு?" என்று கேட்டார்.

அவள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். "நல்லா வெந்திருக்கு. காரம் சரியா இருக்கு. இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

மாஸ்டரும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். யோசித்தார். இன்னொன்றை எடுத்து விரலால் திருப்பிப் பார்த்தார்.

"துண்டு பெருசு" என்றார்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எந்தக் குறைக்கும் அவள் சொல்லாத பதிலை அன்றைக்குச் சொன்னாள்.

"சரிங்க. நாளைக்குச் சின்னதா வெட்டறேன்."