துடைத்து வைத்த ஃபிரிட்ஜ்கள்

கேன்டீனில் அவளுக்கு வைத்த பெயர் சொப்பனம். எச்சில் தட்டுகள் வந்து சேரும் ஜன்னலுக்கு உள்பக்கம் பதினொரு வருஷம் நின்றவள். தட்டை வாங்க வேண்டும், வழித்துத் தொட்டியில் தள்ள வேண்டும், வேலை அவ்வளவுதான். இவளோ தட்டைப் பிடித்தபடியே எங்கோ போய்விடுவாள். ஒரு கடி கடித்து வைத்த ரொட்டி, தொடாத கேரட் துண்டு. அது வந்த வழியே மனசுக்குள் திரும்பி நடப்பாள்: அடுப்பு, சந்தை, லாரி, ஈர மண். அதற்குள் தட்டுகள் மலையாகக் குவிந்துவிடும். சூப்பர்வைசர் போடுகிற சத்தத்தில்தான் மண்ணிலிருந்து திரும்பி வருவாள்.

கேன்டீனை மூடியதும் மற்றவர்கள் வேறு வேலை தேடி அலைந்தார்கள். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊரிலுள்ள ஃபிரிட்ஜ்களையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் மெல்லிய மஞ்சள் வெளிச்சம். பின்வரிசையில், கூப்பிட ஆளில்லாத கிண்ணங்கள். தொழில் அங்கேதான் முளைத்தது. வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜையும் குப்பைக்கூடையையும் பார்ப்பது, முதலில் தீர்க்க வேண்டியதை ஒரு நீலக் கூடையில் கண்ணுக்கு நேராக வைப்பது, எதை எவ்வளவு வாங்கினால் போதும் என்று சீட்டு எழுதி ஒட்டுவது.

"எல்லாம் சரி. தன் வீட்டுக் குப்பைய அடுத்தவங்க பாக்க எவன் விடுவான்?" என்றார் எலக்ட்ரீஷியனான அவள் கணவர்.

விட்டார்கள். ஒரே அடுக்குமாடியில் ஆறு வீடு. "எங்க வீட்டுல ஒரு பருக்கை வீணாகாதுங்க" என்று ஆறு வாசலிலும் சொன்னாள். பச்சைப் பொய். தொழில் தொடங்குகிறவர்கள் வேறென்னதான் சொல்வார்கள்!

வியாழக்கிழமை காலைகளில் போனாள். ஆறு ஃபிரிட்ஜும் பளபளவென்று இருந்தன. குப்பைக்கூடைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். நீலக் கூடையில் வைக்க ஒரு எலுமிச்சம்பழம் கிடைப்பதே பெரும்பாடு. எல்லாம் தன் கைராசி என்று நினைத்தாள். படிகளில் கால் பாவாமல் இறங்கினாள்.

நான்காவது வாரம், கேட்டருகே குப்பை வண்டிக்காரர் அவளை நிறுத்தினார்.

"அக்கா, வியாழக்கிழமை வர்றது நீங்கதானே? உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், கெழமைய மாத்துங்க. முன்னெல்லாம் ஒரு டிரம்தான் இருக்கும். இப்ப நீங்க வர்ற அன்னைக்கு மூணு. கட்டு பிரிக்காத கீரையெல்லாம் கெடக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வருகிறாள் என்றுதான் கொட்டுகிறார்கள். குறைக்க வந்தவளே கூட்டிவிட்டிருக்கிறாள். யாரும் தங்கள் குப்பையைக் காட்டப் போவதில்லை என்றால், இந்தத் தொழிலை இன்றைக்கே மூட்டை கட்டிவிடலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சிரிக்கவில்லை. "நீ வர்றேன்னா நானும் அதத்தான் செய்வேன்" என்றார்.

அவள் எழுந்துபோய்த் தன் ஃபிரிட்ஜைத் திறந்தாள். குளிர் காலைத் தொட்டது. வெகுநேரம் அப்படியே நின்றாள். கறுத்த வாழைப்பழம், பூஞ்சை பிடித்த ரொட்டி, ஒரு கிண்ணத்தில் என்னவென்றே தெரியாத ஏதோ. அவையும் அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை, மூன்றாவது மாடி கணக்கு டீச்சர் வழக்கம்போலத் துடைத்த ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். சொப்பனம் அதைப் பார்க்கவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"எங்க வீட்டுது, டீச்சர். இந்த வாரத்துது."

டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பூஞ்சையை உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். காரியம் கெட்டது என்றே சொப்பனம் நினைத்தாள். திறந்து கிடந்த வாசல் வழியாக வெயில் உள்ளே வந்து, தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில், கீழே டிரம்மிலிருந்து எடுத்து வந்த, முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புப் பை. அவிழ்த்தார். மூன்று முட்டைக்கோஸ், மூன்றும் முழுசு.

"ஒவ்வொரு தடவையும் வீட்டுல இல்லன்னு நெனச்சு வாங்கிட்டேன். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுக்குறவ நான்!" சிரிக்கத் தொடங்கியவருக்குக் கண் கலங்கியது. "இந்த டப்பாவ மொத நாளே கொண்டாந்திருக்கலாமே? நான் ஏன் இத்தன வாரம் பயந்து சாகணும்?"

சொப்பனம் ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நானுந்தானே மறைச்சேன், டீச்சர்."

டீச்சர் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தார். இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று முட்டைக்கோஸில் எதைக் காப்பாற்றலாம் என்று இதழ் இதழாக உரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.