நாலாவது ஆளாக நின்ற நாய்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பதைப் பார்த்தாலே எனக்கு எரியும். உடம்பு நல்லாயிருக்கிறவனுக்கு எதுக்கு வைத்தியக் காப்பீடு? குடும்ப அட்டைக்குப் போட்டோ வேறு கேட்டார்கள். நான், மனைவி செல்வி, மகள் என்று நாங்கள் மூன்று பேர். மூன்று பேர் சேர்ந்து போட்டோ எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்பார்கள். அதையே சாக்காக வைத்து ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

ஒருநாள் செல்வி பக்கத்து வீட்டு வெள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மூணு பேருதான ஆகாது? இந்தா, நாலாச்சு. ஸ்டுடியோவுக்குக் கெளம்புங்க."

அந்தப் படத்தைப் பார்த்த மில் கிளார்க் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முத்திரை குத்தினார்.

அடுத்த மாதமே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஈ.எஸ்.ஐ. டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே, "குடல்வால் வீங்கியிருக்கு, மதுரை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஓடினோம். அங்கே அட்டையைப் பார்த்தார்கள், படத்தில் மகளைப் பார்த்தார்கள், உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

"இன்னும் செத்த நேரம் போயிருந்தா வெடிச்சிருக்கும்" என்றார் சர்ஜன். நான் சாக்குச் சொன்ன அந்த வருஷத்தில் இந்த வலி வந்திருந்தால், எந்த வாசலில் போய் நின்றிருப்பேன்?

அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. முத்திரை சரியாக நாய் மேல் விழுந்து அதை மறைத்துவிட்டது. படத்தில் தெரிவது மூன்று பேர்தான்.

மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம்.